ஆளில்லாத சாட்சி

1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த மீன்பிடிக் கப்பல் ஒன்றில், சுறாக்களுக்கு அடியில் விசித்திரமான மீன் கிடந்தது. நீலம் பாய்ந்த உடல், கவசம் போன்ற செதில்கள், கைகால் முளைக்கத் தொடங்கியதுபோல் சதைப்பிடிப்பான துடுப்புகள். நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். ஊர் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதைப் பத்திரப்படுத்தி, வரைபடம் போட்டு, மீனியல் அறிஞர் ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். ஸ்மித்துக்குத் தலை சுற்றியது. அது சீலகாந்த். டைனோசார்களோடு சேர்ந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு போய்விட்டதாக எல்லோரும் எண்ணியிருந்த மீன்.

இந்த மீனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள். முதல் பாதியில் 'வாஸ் தாட் டு ஹாவ் டைட் அவுட்': அழிந்துபோனதாகக் கருதப்பட்டது. நடுவில் 'வேர்ஆஸ்' அல்லது 'பட்'. அடுத்த பாதியில் 'இஸ் நோன் டு லிவ்': இந்தியப் பெருங்கடலில் வாழ்வது இப்போது தெரியும். இரண்டு பாதியும் செயப்பாட்டு வினை. இரண்டிலும் கருதியவர் யார், தெரிந்துகொண்டவர் யார் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு ஐயமில்லாமல் புரிகிறது: முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி சரி. 'தவறு' என்ற சொல்லும் 'சரி' என்ற சொல்லும் வாக்கியத்தில் எங்கும் கிடையாது. பிறகு எப்படிப் புரிந்தது?

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் இலக்கணப் புத்தகத்தோடு நிற்க முடியாது. மருந்துக் கடைக்கும் நீதிமன்றத்துக்கும் போருக்கும் போய்வர வேண்டியிருக்கும்.

செய்வினை இல்லாத செயப்பாட்டு வினை

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்கு 'வாய்ஸ்' மாற்றும் பயிற்சி நினைவிருக்கும். ராமன் ராவணனைக் கொன்றான். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி, 'பை' சேர்த்தால் முடிந்தது. எந்தச் செயப்பாட்டு வாக்கியத்தையும் திருப்பிப் போட்டால் செய்வினை கிடைக்கும் என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை.

'ஹி இஸ் செட் டு பி ரிச்' (அவர் பணக்காரர் என்று சொல்லப்படுகிறது) என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதே பயிற்சியைச் செய்து பாருங்கள். 'தே சே ஹிம் டு பி ரிச்' என்று வரும். எந்த ஆங்கிலேயரும் அப்படிப் பேசுவதில்லை. 'ரூமர்டு' இன்னும் மோசம். ஒருவர் பதவி விலகப்போவதாக வதந்தி என்பதை 'ஹி இஸ் ரூமர்டு டு பி' என்று எழுதலாம். 'தே ரூமர் ஹிம்' என்று இன்றைய ஆங்கிலத்தில் எழுத முடியாது. 'ரெப்யூட்டட்' என்பதற்கும் இதே கதிதான். தாயில்லாமல் பிறந்த பிள்ளைகள்போல, செய்வினை இல்லாமலே நிற்கும் செயப்பாட்டு வினைகள் இவை.

இதன் பொருள் சற்று யோசிக்க வேண்டியது. பாத்திரம் உடைந்த செய்தியில் உடைத்தவரைச் சொல்லாமல் விடலாம். ஆனால் உடைத்தவர் ஒருவர் இருக்கிறார், வேண்டுமானால் அவரை வாக்கியத்துக்குள் கொண்டுவரவும் முடியும். 'இஸ் செட் டு' என்பதில் பேசியவரை உள்ளே கொண்டுவருவது கிட்டத்தட்ட இயலாது. அங்கே அவருக்கு நாற்காலியே போடப்படவில்லை. செயல் ஒன்றைத் தெரிவிக்கும் வேலையை இந்த வினை விட்டுவிட்டது. 'இது நான் நேரில் அறிந்ததில்லை' என்ற குறிப்பை ஒட்டும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இதற்கு முன்மாதிரி லத்தீன். அங்கே 'டிசிட்டுர்' என்ற ஒரே சொல் 'சொல்லப்படுகிறார்' என்று பொருள்படும். ஹோமர் பார்வையற்றவராக இருந்ததாகச் சொல்லப்படுகிறார் என்பது லத்தீன் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக வரும் எடுத்துக்காட்டு. கற்றவர்கள் லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தும் லத்தீன் நடையைப் பின்பற்றியும் எழுதிய நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் இந்த அமைப்பு வலுப்பெற்றது என்பது மொழி வரலாற்றாளர் பலரின் கருத்து. இன்றைக்கும் இது எழுத்து நடைக்கு உரியது. செய்தித்தாளிலும் ஆய்வுக் கட்டுரையிலும் நீதிமன்ற ஆவணத்திலும் மலிந்திருக்கும். சாப்பாட்டு மேசைப் பேச்சில் அரிது.

இரண்டு கடிகாரங்கள்

இந்த அமைப்புக்குள் இரண்டு காலங்கள் தனித்தனியாக ஓடுகின்றன. பேச்சின் காலம் ஒன்று. பேசப்பட்ட நிகழ்ச்சியின் காலம் இன்னொன்று.

பணக்காரர் ஒருவரைப் பற்றிய ஊர்ப்பேச்சை வைத்தே பார்க்கலாம். 'இஸ் செட் டு பி ரிச்' என்றால் பேச்சும் இன்றையது, பணமும் இன்றையது. 'இஸ் செட் டு ஹாவ் பீன் ரிச்' என்றால் பேச்சு இன்றையது, பணம் போன காலத்தது. ஒரு காலத்தில் வாழ்ந்த குடும்பமாம். 'வாஸ் செட் டு பி ரிச்' என்றால் இரண்டுமே பழையவை. 'வாஸ் செட் டு ஹாவ் பீன் ரிச்' என்றால் பேச்சே பழையது, அந்தப் பேச்சுக்கும் முந்தையது பணம். நான்கைந்து சிறு சொற்களை மாற்றிப் போட்டதில் நான்கு வெவ்வேறு வரலாறுகள் கிடைத்துவிடுகின்றன.

சீலகாந்த் வாக்கியத்தின் சூட்சுமம் பாதி இங்கே இருக்கிறது. 'வாஸ் தாட்' என்று கருத்தின் காலத்தை இறந்த காலத்துக்குத் தள்ளியதுமே, அந்தக் கருத்து இன்று இல்லை என்ற குறிப்பு தானாக வந்துவிடுகிறது. இன்றும் அப்படிக் கருதினால் 'இஸ் தாட்' என்று எழுதியிருப்பார்களே? அனுபவமுள்ள வாசகர் 'வாஸ் தாட்' என்பதைக் கண்டவுடன் எதிரே ஒரு 'பட்' வரப்போகிறது என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். பூமி பிரபஞ்சத்தின் நடுவில் இருப்பதாகக் கருதப்பட்டது, மலேரியா கெட்ட காற்றால் வருவதாக நம்பப்பட்டது என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லாம் பாதியிலேயே தம் முடிவைச் சொல்லிவிடுகின்றன.

'ஆனால்' என்னும் உரைகல்

மறுபாதி சூட்சுமம் வினைச்சொல்லில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வாக்கியத்தை எழுதி, அதன் பின்னால் 'ஆனால் அது உண்மையில்லை' என்று சேர்த்துப் பார்த்தால் போதும்.

அவர் பணக்காரர் என்று சொல்லப்படுகிறது, ஆனால் அது உண்மையில்லை. உறுத்தல் எதுவும் இல்லை. நம்பப்படுகிறது, ஆனால் உண்மையில்லை. இதுவும் நிற்கிறது. குற்றம் சாட்டப்படுகிறது, ஊகிக்கப்படுகிறது, கருதப்படுகிறது எல்லாமே நிற்கின்றன. இப்போது 'இஸ் நோன்' என்பதைப் போட்டுப் பாருங்கள். அவர் பணக்காரர் என்பது தெரிந்ததே, ஆனால் அது உண்மையில்லை. வாக்கியம் முறிந்துவிட்டது. எழுதியவர் தன் பேச்சைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

1970இல் பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி என்ற மொழியியல் தம்பதியர் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'உண்மை' என்பதுதான் கட்டுரையின் தலைப்பு. சில வினைகள் தம்மோடு வரும் செய்தியை உண்மை என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். தெரிந்துகொள்வது, உணர்வது, வருந்துவது எல்லாம் அந்த வகை. அவன் வந்ததற்காக நான் வருந்துகிறேன் என்றாலும் வருந்தவில்லை என்றாலும், அவன் வந்தது வந்ததுதான். சொல்வது, நம்புவது, நினைப்பது போன்றவை மற்றொரு வகை. அவற்றோடு வரும் செய்திக்கு எழுதுபவர் பொறுப்பேற்பதில்லை.

ஆகவே 'கருதப்பட்டது' என்பதையும் 'தெரியவந்துள்ளது' என்பதையும் எதிரெதிராக நிறுத்தும்போது, எழுத்தாளர் இரண்டு செய்திகளை மட்டும் ஒப்பிடவில்லை. முதல் செய்தியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, இரண்டாவதில் கையெழுத்துப் போடுகிறார்.

இந்தக் கையெழுத்தின் விலையை 2003ஆம் ஆண்டு உலகம் பார்த்தது. ஜனவரி 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஆற்றிய உரையில், ஆங்கிலத்தில் 16 சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம் இருந்தது. ஈராக் அதிபர் சதாம் உசேன் ஆப்பிரிக்காவில் யுரேனியம் தேடியதை பிரிட்டிஷ் அரசு அறிந்துகொண்டுள்ளது என்பது அதன் சாரம். 'செட்' இல்லை, 'பிலீவ்ஸ்' இல்லை. 'லேர்ன்ட்' என்ற வினை. மேலே சொன்ன உரைகல்லில் தேய்த்தால் இது 'நோன்' வகையைச் சேர்ந்தது. மூலம் பிரிட்டன் என்று பெயர் சொல்லியும், தேர்ந்தெடுத்த வினையால் அமெரிக்க அதிபரின் கையெழுத்தும் அதில் விழுந்துவிட்டது. அந்த மார்ச் மாதம், நைஜர் நாட்டு யுரேனியம் பற்றியதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராதேய் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அறிவித்தார். ஜூலையில், அந்த வாக்கியம் உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஈராக் போர் தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டன. 'பிரிட்டன் கூறுகிறது' என்றிருந்தால் கேட்பவர் 'அப்படியா, ஆதாரம் என்ன?' என்று கேட்க ஓர் இடைவெளி இருந்திருக்கும். 'அறிந்துகொண்டுள்ளது' அந்த இடைவெளியை அடைத்துவிட்டது.

'இல்லை' நிற்கும் இடம்

இந்த வாக்கியங்களுக்குள் ஒரு 'நாட்' நுழையும்போதுதான் வேடிக்கை உச்சத்துக்குப் போகிறது.

'ஹி இஸ் நாட் தாட் டு பி கில்ட்டி' என்றால், அவர் குற்றவாளி என்று கருதப்படவில்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால், அப்படியொரு கருத்து யாருக்கும் இல்லை என்று மட்டுமே பொருள். ஆனால் படிப்பவர் எடுத்துக்கொள்வது அதைவிட அதிகம்: அவர் குற்றமற்றவர் என்றே கருதப்படுகிறது. கருதுதல், நம்புதல் போன்ற வினைகளில் மறுப்பு இப்படி மேலேயிருந்து கீழே நழுவிப் போகும். தமிழிலும் இது உண்டு. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை என்றால், அவர் வரமாட்டார் என்பதுதான் என் நினைப்பு.

'நோன்' என்ற வினையில் இந்த நழுவல் நடக்காது. 'இஸ் நாட் நோன் டு காஸ் ஹார்ம்' என்றால், தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. 'இஸ் நோன் நாட் டு காஸ் ஹார்ம்' என்றால், தீங்கு செய்யாது என்பது தெரியும். அதே சொற்கள்தாம், 'நாட்' ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் வாக்கியம் எழுத ஆராய்ச்சியே தேவையில்லை. யாரும் சோதித்துப் பார்க்காத பொருளைப் பற்றியும் அதை எழுதிவிடலாம். இரண்டாவது வாக்கியத்தை எழுத ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும்.

இந்த ஓர் இடத் தள்ளலுக்குள் விழுந்து நொறுங்கிய வாழ்க்கைகள் உண்டு. தாலிடோமைட் என்ற தூக்க மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் நல்லது என்று கர்ப்பிணிகள் பலர் அதை உட்கொண்டார்கள். கருவுக்குத் தீங்கு செய்வதாக அப்போது தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காததே. கை கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பல நாடுகளில் பிறந்தன. ஜெர்மனியில் விடுகுண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் ஆகிய மருத்துவர்கள் மருந்தின் மீது விரல் நீட்டினார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அது விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை உலகெங்கும் 10,000க்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கேட்டு 1960 செப்டம்பரில் வந்த விண்ணப்பம், உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த டாக்டர் பிரான்சிஸ் கெல்சியின் மேசைக்குப் போனது. ஐரோப்பாவில் தாராளமாக விற்கிறதே, இதில் என்ன தயக்கம் என்று நிறுவனம் நெருக்கியது. கொடுத்திருக்கும் ஆதாரம் போதாது என்று அவர் திருப்பித் திருப்பி அனுப்பினார். நரம்புகளைப் பாதிப்பதாக வந்த செய்தியைச் சுட்டி விளக்கம் கேட்டார். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது என்பதற்கும் சான்று கேட்டார். தீங்கு செய்வதாகத் தெரியவில்லை என்ற பதிலை, தீங்கு செய்யாது என்பது தெரியும் என்ற பதிலாக ஏற்றுக்கொள்ள அவர் மறுத்தார் என்றே இதைச் சொல்ல வேண்டும். மருந்து அப்போது அமெரிக்கக் கடைகளுக்கு விற்பனைக்கு வரவில்லை. 1962இல் அதிபர் கென்னடி கெல்சிக்கு அரசுப் பணியாளருக்கான உயரிய விருதை வழங்கினார்.

மருந்துச் சீட்டிலும் உணவுப் பொட்டலத்திலும் பூச்சிக்கொல்லி விளம்பரத்திலும் இந்த இரண்டு வாக்கியங்களில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு இன்றும் தேவைப்படுகிறது.

ஓர் எழுத்தில் முடியும் வேலை

ஆங்கிலம் இதற்கு இவ்வளவு பாடுபடுகிறது. மற்ற மொழிகள் என்ன செய்கின்றன? ஜெர்மன் மொழியில் 'சோலன்' என்ற துணைவினை இந்தப் பொறுப்பை ஏற்கிறது. 'எர் சோல் ரைஹ் ஸைன்' என்றால் அவர் பணக்காரர் என்று பேச்சு. பிரெஞ்சு இதழாளர்கள் வினையின் நிபந்தனை வடிவத்தைக் கையாள்கிறார்கள். 'அதிபர் நோயுற்றிருப்பார்' என்பதுபோன்ற வடிவத்தில் எழுதினால், செய்தி இன்னும் உறுதியாகவில்லை என்று பிரெஞ்சு வாசகருக்குப் புரியும். துருக்கியில் இறந்த காலத்துக்கே இரண்டு விகுதிகள். 'கெல்தி' என்றால் வந்தான், பேசுபவர் அதற்குச் சாட்சி. 'கெல்மிஷ்' என்றால் வந்திருக்கிறான், பிறர் சொல்லியோ தடயத்தைப் பார்த்தோ தெரிந்துகொண்டது.

கொலம்பியாவிலும் பிரேசிலிலும் ஆற்றங்கரைகளில் பேசப்படும் துயுகா மொழி இதை எங்கேயோ கொண்டுபோய்விடுகிறது. மொழியியலாளர் ஜேனட் பார்ன்ஸ் 1984இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 'அவன் கால்பந்து விளையாடினான்' என்று அந்த மொழியில் சும்மா சொல்லிவிட முடியாது. ஆடியதைக் கண்ணால் கண்டேனா, பார்க்காமல் சத்தம் மட்டும் கேட்டேனா, மைதானத்தில் அவனுடைய காலணித் தடம் கிடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேனா, யாராவது சொன்னார்களா, அல்லது இந்நேரம் ஆடியிருப்பான் என்று நியாயமாக ஊகிக்கிறேனா? ஐந்தில் ஒன்றை வினையின் விகுதியிலேயே காட்டியாக வேண்டும். நமக்கு ஒருமை பன்மையும் திணை பாலும் எப்படித் தப்பிக்க முடியாதவையோ, அவர்களுக்கு ஆதாரம் அப்படி. ஆங்கிலத்தில் ஆதாரத்தைச் சொல்வது எழுதுபவரின் விருப்பம். துயுகாவில் அது இலக்கணக் கடமை.

தமிழ் இந்த வரிசையில் வசதியான இடத்தில் இருக்கிறது. 'அவர் பெரிய பணக்காரராம்.' முடிந்தது. லத்தீனிலிருந்து கடன் வாங்கி, வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டி, எழுவாயை முன்னுக்கு இழுத்து ஆங்கிலம் செய்யும் வேலையை நாம் ஓர் 'ஆம்' போட்டு முடித்துவிடுகிறோம். பெயருக்குப் பின்னாலும் வரும், எந்தக் கால வினைக்குப் பின்னாலும் வரும்: நாளை லீவாம், நேற்றே கிளம்பிவிட்டார்களாம், மழை வருமாம். தன்னைப் பற்றியும் சொல்லிக்கொள்ளலாம். 'நான் குறட்டை விடுகிறேனாம்' என்பதைக் கேட்டவுடன், சொன்னது வேறொருவர் என்பதும், சொன்னதைப் பேசுபவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும். கொஞ்சம் குரலை ஏற்றினால் அதே விகுதி நையாண்டியாகிறது. 'இவரு பெரிய டாக்டராம்!'

பழைய காலத்தில் தமிழ் அறிஞர்கள் வேறு வழியையும் கையாண்டார்கள். தொல்காப்பியம் விதிகளைக் கூறிவிட்டு 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் பல இடங்களில் முடிக்கிறது. அங்கே சொன்னவர் மறைக்கப்படவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் புலவர் என்ற கூட்டம் எழுவாயாக நிற்கிறது. 'ஊர் பேசுகிறது' என்பதற்கும் 'துறை அறிந்தவர் சொன்னார்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சொல்லாட்சி காப்பாற்றுகிறது. இன்றைய செய்தித் தமிழின் 'கூறப்படுகிறது' அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. டீக்கடையில் யாரும் 'மழை பெய்யும் என்று கூறப்படுகிறது' என்று பேசுவதில்லை. அது அச்சிலும் திரையிலும் மட்டும் வாழும் தமிழ்.

தமிழ் 'ஆம்' விகுதிக்கும் ஆங்கில 'இஸ் செட் டு' அமைப்புக்கும் இடையில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தமிழில் வினை கடைசியில் வருவதால் 'ஆம்' என்பதும் கடைசியில்தான் வரும். முழுச் செய்தியையும் கேட்டு முடித்த பிறகே அது கேள்விப்பட்டது என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் செய்திக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடுகிறது.

பொறுப்பு யாருக்கு?

1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு டைட்டானிக் அட்லாண்டிக்கில் மூழ்கியது. 1,500 பேர் அளவில் இறந்தார்கள். அன்றைக்கு வந்த செய்தித்தாள்கள் சிலவற்றில், பயணிகள் எல்லோரும் பத்திரம் என்றும், கப்பல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை நோக்கி இழுத்துவரப்படுகிறது என்றும் செய்தி வந்தது. பயணிகள் பத்திரமா என்று கேட்ட கம்பியில்லாத் தந்தியும், வேறொரு எண்ணெய்க் கப்பல் இழுத்துவரப்படுவது பற்றிய தந்தியும் காற்றில் கலந்து ஒரே செய்தியாகிவிட்டன என்று கருதப்படுகிறது. 'ரிப்போர்ட்டட் சேஃப்' என்று ஒரு தாள் எழுதியதை அடுத்த தாள் எடுத்தது. நியூயார்க்கில் கப்பல் நிறுவன அலுவலக வாசலில் திரண்ட உறவினர்களுக்கு, அந்தச் செய்தியைச் சொன்னது யார் என்பது ஒருநாள் முழுக்கத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் கேட்டதைத்தான் எழுதியிருந்தார்கள்.

இப்படிக் கைமாறும்போது பொறுப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் கறாரான விடை வைத்திருக்கிறது. 1963இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த லூயிஸ் எதிர் டெய்லி டெலிகிராஃப் வழக்கில், ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்குகளை மோசடித் தடுப்புப் பிரிவு விசாரிப்பதாக நாளிதழ்கள் செய்தி வெளியிட்டிருந்தன. விசாரணை நடக்கிறது என்று எழுதுவதும் குற்றவாளி என்று எழுதுவதும் ஒன்றாகாது என்று சபை கருதியது. அதே தீர்ப்பில் டெவ்லின் பிரபு மற்றொன்றையும் தெளிவாக்கினார். அவதூறான செய்திக்கு முன்னால் 'எனக்குச் சொன்னார்கள்' என்றோ 'வதந்தி உலவுகிறது' என்றோ ஒட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. கேள்விப்பட்டதாகச் சொன்னாலும் நேரடியாகச் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. இலக்கணம் எழுத்தாளருக்குக் கொடுக்கும் விடுதலையைச் சட்டம் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. வதந்தி என்று நீங்கள் சொன்னாலும் பரப்பியது நீங்கள்தானே என்று அது கேட்கிறது.

மனம் எதை வைத்துக்கொள்கிறது?

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு உளவியலில் நல்ல விடை கிடைக்கிறது. நம் நினைவு, செய்தியையும் அதைச் சொன்னவரையும் ஒரே முடிச்சில் கட்டி வைப்பதில்லை. 1951இல் கார்ல் ஹாவ்லண்டும் வால்டர் வைஸும் செய்த சோதனையில், நம்பத்தகாத மூலத்திலிருந்து வந்த கருத்து முதலில் ஆட்களை அதிகம் அசைக்கவில்லை. நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது, நம்பத்தகுந்த மூலத்துக்கும் தகாத மூலத்துக்கும் இடையிலிருந்த வேறுபாடு கரைந்துபோயிருந்தது. கருத்து மனதில் நின்றது. அதைச் சொன்னவரின் யோக்கியதை அதிலிருந்து கழன்றுவிட்டது.

2005இல் இயன் ஸ்கர்னிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, எதிர்மறை வாக்கியங்களுக்கே வந்து சேர்கிறது. உடல்நலம் பற்றிய சில கூற்றுகளைக் காட்டி, இது சரி, இது தவறு என்று ஆய்வாளர்கள் தெளிவாகச் சொன்னார்கள். தவறு என்று மூன்று முறை சொல்லப்பட்ட கூற்றுகளை, மூன்று நாள் கழித்து, முதியவர்கள் ஒரு முறை மட்டும் சொல்லப்பட்டவற்றைவிட அதிகமாகச் 'சரி' என்று நினைவுகூர்ந்தார்கள். கூற்று பழகிய முகமாகிவிட்டது. அதன் கழுத்தில் மாட்டிய 'தவறு' என்ற அட்டை மட்டும் காணாமல் போய்விட்டது. இந்த விளைவு எல்லாச் சூழலிலும் தலைகாட்டுவதில்லை என்று பிற்காலச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் அடிக்கடி கேட்ட செய்தி உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்பது 1970களிலிருந்து பலமுறை உறுதியான கண்டுபிடிப்பு.

இதை வைத்துக்கொண்டு நம் வாக்கியத்தைத் திரும்பப் பார்த்தால், அதற்குள் ஓர் ஆபத்தும் இருப்பது தெரியும். 'இந்த இலைச்சாறு சர்க்கரை நோயை விரட்டுவதாக நம்பப்படுகிறது, ஆனால் அதற்கு ஆதாரமில்லை' என்று எழுதுகிறோம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. 'நம்பப்படுகிறது' என்று கையை எடுத்துக்கொண்டார், 'ஆனால்' என்று மறுத்தும் விட்டார். ஒரு மாதம் கழித்துப் படித்தவரின் மனதில் எஞ்சியிருப்பது என்ன? இலைச்சாறு, சர்க்கரை நோய். 'நம்பப்படுகிறது' உதிர்ந்துவிடும். 'ஆனால்' உதிர்ந்துவிடும். வாக்கியத்தில் தலைமை இடத்தைப் பிடித்து உட்கார்ந்தது எதுவோ அது தங்கிவிடும்.

பொய்த் தகவலை மறுப்பது பற்றி ஆராய்கிறவர்கள் இதனால்தான், உண்மையை முதலில் நிறுத்துங்கள் என்கிறார்கள். அப்படி எழுதினால் மேலே உள்ள வாக்கியம் இப்படி மாறும்: இலைச்சாறு சர்க்கரை நோயைக் குறைத்ததாக எந்தச் சோதனையும் காட்டவில்லை. அப்படிச் சொல்பவர்கள் அதை விற்பவர்கள். இந்த வடிவத்தில் தெரிந்தது முன்னால் வந்துவிட்டது, செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்திருந்த ஆளும் வெளியே வந்துவிட்டார். சீலகாந்த் விஷயத்தில் பழைய வரிசை கெடுதல் செய்யாது. அழிந்துவிட்டதாகக் கருதிய அறிவியலாளர்களிடம் அன்று புதைபடிவங்கள் என்ற நல்ல ஆதாரம் இருந்தது. புதிய ஆதாரம் வலையில் வந்ததும் மாற்றிக்கொண்டார்கள். ஆதாரத்தோடு இருந்த பழைய கருத்துக்கு 'கருதப்பட்டது' என்பது மரியாதையான விடை. யாரும் எந்த ஆதாரமும் காட்டாத பேச்சுக்கு அதே மரியாதையைக் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

ஆகவே 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'தெரியவருகிறது' என்று எந்த மொழியில் எது கண்ணில் பட்டாலும் அதன் பின்னால் 'ஆனால் அது உண்மையில்லை' என்று ஒட்டிப் பார்க்கலாம். வாக்கியம் முறிந்தால் எழுதியவர் பொறுப்பேற்றிருக்கிறார். அவரிடம் ஆதாரம் கேளுங்கள். முறியாமல் நின்றால் யாருமே பொறுப்பேற்கவில்லை; அப்போது கேட்க வேண்டியது, யார் சொன்னது என்று.